2000 ரூபாய்க்குள் ஹெட்போன்: முதலில் குஷனைத் தொட்டுப் பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: கையில் 2000 ரூபாய் இருக்கிறது. ராத்திரியில் பாட்டு கேட்க வேண்டும், வாரத்தில் நான்கு நாள் ஆன்லைன் வகுப்பு, திங்கட்கிழமைதோறும் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். அண்ணன் ப்ளூடூத் வாங்கச் சொல்கிறார், கூடப் படிப்பவர் வயர்தான் நல்லது என்கிறார். இரண்டு வருடத்தில் வாங்கிய இரண்டு ஹெட்போனும் தோல் உரிந்து, கறுப்புத் தூள் கன்னமெல்லாம் ஒட்டி, ஒன்று குப்பைக்குப் போய்விட்டது, இன்னொன்று பரணில் கிடக்கிறது. சவுண்டு, சொகுசு, உழைப்பு மூன்றும் எதில் சேர்ந்து கிடைக்கும்?

தம்பி, அந்தப் பரணில் கிடப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் மூன்றையும் தனித்தனியாக அடுக்கிக் கேட்கிறீர்கள். இந்த விலையில், அதுவும் நம்ம ஊர் வெயிலில், மூன்றும் ஒரே பொருளில்தான் போய் நிற்கின்றன: காதைத் தொடும் அந்தக் குஷன். சவுண்டு அடைபடுவதும் கசிவதும் அதனால். காது வேகாமல் இருப்பதும் அதனால். முதலில் சாவதும் அதுதான். ஆனால் கடையில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அட்டையில் எத்தனை மில்லிமீட்டர் டிரைவர், அதாவது உள்ளே சவுண்டு எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், என்று போட்டிருக்கிறதோ அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இருபது வருடத்துக்கு மேல் மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, வைகாசி வந்தால் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பந்தல் பந்தலாகப் பாக்ஸ் கட்டுவது என்று ஓடினேன். இப்போது முதுகு ஒத்துழைக்காததால் ரிப்பேர் கடையோடு நின்றுவிட்டேன். மச்சான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லைனிங் வேலை பார்க்கிறார். ஹெட்போனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று கற்றது, மீதி மச்சானிடம் கற்றது.

உங்கள் கன்னத்தில் ஒட்டியது தோலே இல்லை. நாம் ரெக்சின் என்று சொல்லும் சரக்கு. அடியில் மெல்லிய துணி, அதன்மேல் பாலியூரித்தேன் படலம் ஒன்று, தோல் மாதிரி வரி வரியாக அச்சு குத்தியது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் படலத்தின் உள்கட்டைத் தண்ணீரே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வியர்வை அதைத் துரிதப்படுத்தும். நாம் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் காதோரம் இறங்கிப் படலத்தை இளக்கி வைக்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் போகிற ஊரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் மாட்டியிருந்தால் குஷனுக்குள் நடப்பது சின்ன அளவில் ஒரு சாய ஆலைதான். ஷூ கம்பெனிக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. பாலியூரித்தேன் சோல் வைத்த ஷூவைப் பெட்டியோடு பீரோவில் சில வருடம் பூட்டி வைத்துவிட்டு ஒரு நாள் கல்யாணத்துக்கு என்று எடுத்துப் போட்டால், மண்டபத்து வாசலிலேயே சோல் பிட்டுப் பிட்டாக உதிரும். போடாமலே கெடுகிற சரக்கு அது. அதனால் நீங்கள் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தியதால்தான் உரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில அட்டைகளில் புரோட்டீன் லெதர் என்று போட்டிருக்கும். பேரைக் கேட்டால் ஏதோ ஆட்டுத்தோல் மாதிரி இருக்கும். அதுவும் பாலியூரித்தேன்தான், கொஞ்சம் புரதப் பொடி கலந்து தொட்டால் மெத்தென்று இருக்கச் செய்தது. சாதா ரெக்சினைவிட மென்மையாக இருக்கும், அவ்வளவுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடுகிற ஊர்களை வைத்துக்கொண்டு நாம் போய் ரெக்சினைத் தோல் என்று நம்பி வாங்குவது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும்.

அந்தச் சிரிப்பில்தான் ஒரு முறை மச்சானிடம் கேட்டு, லைனிங் வெட்டியதில் மிச்சமான ஆட்டுத்தோல் துண்டில் என் ஹெட்போனுக்கு ஒரு ஜோடி குஷன் தைத்து வாங்கினேன். பார்க்க ராஜா வீட்டுச் சரக்கு மாதிரி இருந்தது. மாட்டிக் கேட்டால் பேஸ் என்கிற அந்தத் தாழ்ந்த ஒலியையே காணோம்! தவில் அடிப்பது தகர டப்பாவில் அடிப்பது மாதிரி கேட்டது. டிரைவர் போய்விட்டதோ என்று பயந்து கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி மாட்டி, குஷன் ஓரத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது: தையல் போட்ட ஊசித் துளைகள் வழியாகக் காற்று போகிறது. உள்பக்கம் தையல் நெடுக ரப்பர் பசை தடவிக் காய வைத்தேன். பேஸ் திரும்பி வந்து உட்கார்ந்தது.

இதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம். மூடிய ஹெட்போனில் தாழ்ந்த ஒலி வருவது, டிரைவருக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட கொஞ்சம் காற்றை அழுத்தித் தளர்த்துவதால். அடைப்பில் ஓட்டை இருந்தால் முதலில் கசிந்து போவது தாழ்ந்த ஒலி. உயர்ந்த ஒலிக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. அதனால் ஒரே ஹெட்போன் உங்களுக்குக் கணீரென்றும் உங்கள் அண்ணனுக்குச் சப்பென்றும் கேட்கலாம். அவர் கண்ணாடி போடுபவராக இருந்தால் கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கிப் பிடித்திருக்கும், அந்த இடைவெளியில் பேஸ் போய்விடும். நெட்டில் யாரோ எழுதிய மதிப்புரையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். எழுதியவர் தலை வேறு, உங்கள் தலை வேறு.

கடையில் மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை சுலபம். உங்கள் போனிலேயே, உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம், அவருக்குத் தன் சரக்கை நன்றாகக் காட்டும் பாட்டு எது என்று தெரியும். மிருதங்கம் நன்றாகப் பதிவான கச்சேரி ஒன்று இருந்தால் அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. வலந்தலை என்கிற வலது பக்கத்தில் விழும் அடி ஓரம் தெறிக்கக் கேட்க வேண்டும், தொப்பி என்கிற இடது பக்கத்தின் தாழ்ந்த கும்கி இழுத்துக்கொண்டு போவதும் தெரிய வேண்டும். தொப்பி மட்டும் வீங்கி வலந்தலையை விழுங்கினால் அது பேஸைக் கூட்டி விற்கும் ஹெட்போன். பாடகி ‘ச’, ‘ஸ’ உச்சரிக்கும் இடங்களில் காதில் ஊசி குத்தினால் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, அதிகம். குரல் மூக்கடைத்தது போல் கேட்டால் நடு அலைவரிசை பள்ளம். இப்போது பாட்டு ஓடும்போதே இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தையும் லேசாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் அது உங்கள் தலையில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். விலை எதுவாக இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த மில்லிமீட்டர் விஷயம். போட் ராக்கர்ஸ் 450இல் 40 மில்லிமீட்டர் டிரைவர், ராக்கர்ஸ் 550இல் 50 மில்லிமீட்டர். சோனியின் ஜெட்எக்ஸ் 110இல் வெறும் 30 மில்லிமீட்டர். அளவை வைத்துப் பார்த்தால் சோனி பரிதாபமாகத் தெரியும். ஆனால் ஒலிபெருக்கியின் விட்டத்தை வைத்துச் சவுண்டைத் தீர்மானிப்பது, தட்டின் அகலத்தைப் பார்த்துப் பிரியாணியின் ருசியைச் சொல்வது மாதிரி. சவ்வு எந்தச் சரக்கு, பின்னால் கூட்டை எப்படி அடைத்திருக்கிறார்கள், எங்கே காற்றுத் துளை விட்டிருக்கிறார்கள், அதுதான் கதை. ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ், ஸ்டுடியோவில் பழகுபவர்களுக்கென்று செய்தது, அதிலும் 40 மில்லிமீட்டர்தான். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அட்டையில் போடுவதும் அப்படித்தான். மனிதக் காதின் எல்லையே ஏறத்தாழ அதுதான், பெரும்பாலான அட்டைகளில் அதை ஒட்டித்தான் போடுவார்கள். நடுவில் எந்த இடத்தில் எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

அட்டையில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. மின்தடை ஓம் கணக்கில்: 16 முதல் 64 வரை இருந்தால் போன் தாராளமாக ஓட்டும். ஜெட்எக்ஸ் 110இல் 24 ஓம், எம்20எக்ஸில் 47 ஓம். 250 ஓம் ஸ்டுடியோ சரக்கு ஏதாவது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டால் போனில் முனகத்தான் செய்யும். இரண்டாவது எடை. ஜெட்எக்ஸ் 110 வயரின் எடையைச் சேர்க்காமல் 120 கிராம். எம்20எக்ஸ் 190 கிராம். சோனியின் ப்ளூடூத் சிஎச்520 பேட்டரியோடு 147 கிராம். இரண்டு மணி நேர வகுப்பில் அந்த 70 கிராம் வித்தியாசம் உச்சந்தலையில் கேள்வி கேட்கும்.

சவுண்டு எப்படி என்று நேராகக் கேட்டால் என் காதுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ராக்கர்ஸ் வகையில் பேஸ் தூக்கல், தனியார் டவுன் பஸ்ஸில் போடுகிற சவுண்டு. குத்துப் பாட்டுக்குக் குஷி, கச்சேரிக்கும் குரலுக்கும் களைப்பு. ஜெட்எக்ஸ் 110 கொஞ்சம் தடித்த பேஸ், குரல் தெளிவு, மேலே கொஞ்சம் மங்கல். எண்பதுகளின் திரைப்பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக நடந்து போகும் பாதையை அது காட்டும், விலைக்கு அது பெரிய விஷயம். சிஎச்520 அதே குணம், செயலியில் பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருப்பதால் திருத்திக்கொள்ளலாம். எம்20எக்ஸ் இவற்றில் எல்லாவற்றையும்விட நேர்மையானது, ஆனால் உங்கள் 2000 ரூபாயைத் தாண்டும், 3 மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டு ரயிலில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் காலில் மாட்டும். ஜேபிஎல் சரக்குகளில் ஒரு விஷயம் உண்டு: அதன் தாய் நிறுவனமான ஹார்மனில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும், கேட்பவர்களுக்கு எந்த மாதிரி சவுண்டு பிடிக்கிறது என்று வருடக்கணக்கில் சோதித்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போல, பேஸ் கொஞ்சமே கூடிய சவுண்டைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். கொஞ்சமே என்பதில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மலிவு ஹெட்போன்கள் அந்தக் கொஞ்சத்தைப் படியால் அளக்கின்றன.

பேஸ் அதிகமான ஹெட்போன் ஏற்கெனவே கையில் இருந்தால் பதற வேண்டாம். போனின் ஈக்வலைசரில் 60, 125, 250 ஹெர்ட்ஸ் பட்டைகளை மூன்று நான்கு டெசிபெல் இறக்குங்கள். மற்றதை ஏற்றாதீர்கள். ஏற்றினால் பிசிறும், இறக்கினால் பிசிறாது. மைக் செட்டில் நாங்கள் முதல் நாள் கற்றுக்கொள்வது இதைத்தான்.

சொகுசுக்கு வருவோம். காதின் மேல் உட்காரும் சின்னக் குஷன் ஒரு வகை, காதையே சுற்றி மூடும் பெரிய குஷன் இன்னொரு வகை. பெரியதுதான் சொகுசு என்று எல்லோரும் சொல்வார்கள். டிசம்பரில் அது உண்மை. மே மாதத்தில் பெரிய ரெக்சின் குஷனுக்குள் காது அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். சின்னது காதை அழுத்தும், ஆனால் காற்று படும். கம்மல் போடுபவர்களுக்குச் சின்னது ஆகவே ஆகாது, திருகாணி காதுக்குப் பின்னால் குத்திக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டம்மா பத்தே நிமிடத்தில் கழற்றி என் மடியில் போட்டுவிட்டார். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பிடிமானம் இன்னொன்று. புது ஹெட்போன் தலையை இறுக்கும். ராத்திரியில் தலை அகலத்துக்கு ஒரு பெட்டியிலோ அடுக்கிய புத்தகங்களிலோ மாட்டி வைத்தால் நான்கைந்து நாளில் தளரும். ஹெட்பேண்டுக்குள் இரும்புப் பட்டை இருந்தால் கையாலேயே லேசாக வளைத்துக்கொள்ளலாம். வெறும் பிளாஸ்டிக் என்றால் வளைக்காதீர்கள், உடைந்து என் கடைக்கு வரும். ஹெட்பேண்ட் உடைந்து வருகிறவர்களில் நிறையப் பேர் ‘சும்மா கொஞ்சம் விரித்தேன்’ என்பவர்கள்தான்.

வெயிலுக்கு உண்மையான தீர்வு ஸ்பாஞ்ச் குஷன் வைத்த திறந்த வகை. 1968இல் சென்ஹைசர் எச்டி 414 வந்தபோது முதுகு திறந்த ஹெட்போன் புதுமையாக இருந்தது. 1979இல் வாக்மேனோடு வந்த ஸ்பாஞ்ச் ஹெட்போனைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1984இல் வந்த கோஸ் போர்ட்டா புரோ இன்றும் அதே வடிவில் விற்பனையாகிறது. ஸ்பாஞ்ச் கிழியும், ஆனால் மாற்றுவது சுலபம், விலையும் குறைவு. சவுண்டும் விரிந்து கேட்கும். குறை என்னவென்றால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும். மின்விசிறி சுழலும் அறையில் பாதிப் பாட்டு விசிறி பாடும். ரயிலில் சுத்தமாக வேலைக்கு ஆகாது.

அடுத்து உங்கள் அண்ணனுக்கும் நண்பருக்குமான வழக்கு. இருவர் சொல்வதும் பாதி சரி. பாட்டு கேட்க மட்டும் என்றால் இன்றைய ப்ளூடூத் போதும். வயருக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க 2000 ரூபாய் ஹெட்போன் இடம் கொடுக்காது, டிரைவரும் குஷனும்தான் முதலில் தடையாக நிற்கும். வீடியோவில் வாயசைவுக்குக் கொஞ்சம் பின்னால் சவுண்டு வரும் தொல்லையைப் பெரிய செயலிகள் தாங்களே சரிக்கட்டிவிடுகின்றன. விளையாட்டில் அது முடியாது, கீபோர்டு வாசித்துப் பழகுபவருக்கும் முடியாது.

ஆனால் ஆன்லைன் வகுப்பில்தான் சிக்கல், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டுக்கு ஒரு வழி, மைக்கோடு பேச வேறொரு வழி. வகுப்புச் செயலி ஹெட்போனின் மைக்கைத் திறந்த நொடியில் இணைப்பு பேச்சு வழிக்கு மாறும். அப்போது ஒலியை வெட்டி எடுத்த மாதிரிகள் வினாடிக்கு 8000 அல்லது 16,000தான் போகும், சிடியில் 44,100. விளைவு, ஆசிரியர் குரல் பழைய தொலைபேசியில் பேசுவது போல ஆகிவிடும். இரண்டு மணி நேரம் அந்தக் குரலைக் கேட்டால் தலை வலிக்கத்தான் செய்யும், பழி ஹெட்போன் மேல் விழும். ப்ளூடூத்தே வாங்குவதாக இருந்தால் வகுப்புச் செயலியின் அமைப்பில் மைக்கை லேப்டாப்பின் மைக்காக மாற்றி வையுங்கள், கேட்பது மட்டும் ஹெட்போனில் என்று. குரல் உடனே தெளியும். வயர் ஹெட்போனில் இந்தக் கதையே இல்லை.

பேட்டரியும் வெயிலும் ஒத்துப்போகாது. 50 மணி நேரம் ஓடும் என்று சிஎச்520க்குச் சொல்கிறார்கள், புதிதில் அது நியாயமான கணக்கு. ஆனால் லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் கிழடாகும். மத்தியானம் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டு, சாயங்காலம் எடுத்ததும் சூட்டோடு சார்ஜ் போடுவது அதைக் கொல்வதற்கான நேர்வழி. மலிவு ஹெட்போனில் பேட்டரி மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னிடம் வந்தால் மாற்றிப் பார்ப்பேன், ஆனால் கூடு திறக்கும்போது பாதி கொக்கிகள் உடையும்.

வயர் சாவது வேறு மாதிரி. பத்துக்கு எட்டு ஜாக் ஓரத்தில்தான் அறுகிறது. போனைப் பையில் போட்டு ஜாக்கோடு மடக்கி வைப்பதால். அதைச் சரி செய்வது சின்ன வேலை, ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பது தலைமுடி மாதிரி மெல்லிய செம்பு இழைகள், ஒவ்வொன்றின் மேலும் வண்ண எனாமல் பூச்சு: வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, பூச்சு நிறமில்லாத செம்பு பொதுவானது. பூச்சை எரிக்காமல் ஈயம் வைத்தால் ஒட்டின மாதிரி தெரியும், சவுண்டு வராது. சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே எனாமலைக் கருக்கி, இழை வெள்ளி மாதிரி மின்னிய பிறகுதான் ஜாக்கில் பற்ற வைக்க வேண்டும். வாங்கும்போதே வயர் கழற்றி மாட்டும் வகை கிடைத்தால் இந்த வேலையே இல்லை. இந்த விலையில் அரிது.

உங்கள் போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை என்றால் டைப் சி மாற்றி ஒன்று வேண்டும். அதில் ஒரு கண்ணி. சில மாற்றிகள் வெறும் வயர், போனே சவுண்டை அனலாக்காக வெளியே விட்டால்தான் வேலை செய்யும். இன்னும் சிலவற்றில் டிஜிட்டல் சவுண்டை அனலாக்காக மாற்றும் சின்ன டிஏசி சிப் இருக்கும், அதுதான் பெரும்பாலான போன்களில் ஓடும். டிஏசி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெயர் பெற்ற சரக்கின் போலிகளும் நிறைய உலவுகின்றன. அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதி செய்த மாதம், எம்ஆர்பி இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘பர்ஸ்ட் காப்பி’ என்று சிரித்துக்கொண்டே கொடுத்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

ரயிலுக்கு இதுவரை சொன்ன எந்த ஹெட்போனும் சரிப்படாது. காட்பாடியில் இருந்து சென்னை வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், வழி நெடுக ஜன்னல் திறந்த பெட்டி. சின்னக் குஷன் அந்த இரைச்சலை நிறுத்தாது. அப்போது நாம் என்ன செய்வோம்? வால்யூமைக் கூட்டுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபெல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5. ரயிலில் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்றால் 90ஐத் தொடுவது சுலபம். அதனால் ரயிலுக்கென்று தனியாக, காதுக்குள் சொருகும் சிலிக்கான் முனை வைத்த வயர் இயர்போன் ஒன்று வாங்குங்கள், நானூறு ஐந்நூறு ரூபாயில் உருப்படியானது கிடைக்கும். முனை உங்கள் காதுக்குப் பொருந்தினால் பாதி ரயில் காணாமல் போய்விடும். இரைச்சல் நீக்கம் என்று விற்கிறார்களே என்றால், அது தண்டவாளத்தின் தொடர் உறுமலைக் குறைக்கும், டீ விற்பவர் குரலையும் பக்கத்துச் சீட்டுக்காரர் போனில் ஓடும் ரீலையும் அவ்வளவாகக் குறைக்காது. குறைந்த விலையில் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பொருந்தும் முனைக்குப் போவது மேல்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் வீட்டுக்கு மைக் வைத்த ஜெட்எக்ஸ் 110 ஏபி, ரயிலுக்குச் சொருகும் இயர்போன், மிச்சக் காசுக்கு ஒரு ஜோடி உபரி குஷன். அந்த மாடல் பல வருடமாக விற்பதால் மாற்றுக் குஷன் சுலபமாகக் கிடைக்கிறது, எனக்கு அது டிரைவரைவிட முக்கியம். வயரே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தால் உங்கள் 2000 ரூபாய்க்கு மேல் காசு சேர்த்து சிஎச்520. எதை வாங்கினாலும், மாட்டும் முன் காதோர எண்ணெயைத் துடைத்துவிட்டு, கழற்றியதும் குஷனை உலர்ந்த துணியால் ஒற்றி வையுங்கள். பழைய பனியன் துணியில் எலாஸ்டிக் வைத்து உறை தைத்துப் போட்டால் ரெக்சின் இன்னும் கூடுதல் நாள் நிற்கும். பேஸ் துளி குறையும், காதுக்குச் சுகம்.

இப்போது பரண். அதை எடுத்து, உரிந்த ரெக்சினை ஈரத் துணியால் முழுக்கத் துடைத்து, போனில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் பாடுகிறதா? பாடும். ஹெட்போனில் குஷன் செத்தால் டிரைவர் சாவதில்லை. குஷனை ஓரத்தில் பிடித்துச் சுற்றினாலோ மெல்ல இழுத்தாலோ பெரும்பாலும் உதடு போன்ற ஒரு விளிம்போடு கழன்று வரும். ஸ்கேலை வைத்துக் கூட்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதே அளவில் மாற்றுக் குஷன் வாங்குங்கள். துணி வைத்தது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பழைய குஷனின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். ரொம்பத் தடித்தது போட்டால் டிரைவர் காதில் இருந்து தள்ளிப் போய் சவுண்டு மாறும். ஒட்டியிருக்கும் வகையாக இருந்தால் டபுள் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டலாம், ஆனால் நெடுக இடைவெளி விடாமல். ஆட்டுத்தோல் குஷனில் நான் விட்ட தப்பு அதுதான்.